தோம்பில் ஏறாத விசுவாசம்

1802ஆம் ஆண்டுக் கணக்கின்படி யாழ்ப்பாணத் தமிழரிடையே புரட்டஸ்தாந்து கிறிஸ்தவர்கள் 1,36,000 பேர். நான்கே ஆண்டுகள் கழித்து, 1806இல், கிளாடியஸ் புக்கானன் என்னும் குருவானவர் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டுத் தென்னகத்தையும் இலங்கையையும் சுற்றி வந்தார். யாழ்ப்பாணத்தில் அவர் கண்டது, ஆளில்லாத சபையை. முன்பு அங்கே ஆண்ட ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கைக்கொண்டிருந்த பெரிய கற்கோயில்கள் கவனிப்பாரின்றிச் சிதைந்துகொண்டிருந்தன. மாகாணம் முழுவதற்கும் பொறுப்பாக இருந்தவர் தமிழ் உபதேசியார் ஒருவர் மட்டுமே. கணக்கில் இருந்த அத்தனை பேரும் எங்கே போனார்கள்? பெரும்பாலோர் சைவத்திலேயே இருந்தார்கள். அல்லது வெளிப்படையாக அதற்குத் திரும்பியிருந்தார்கள். அதே மண்ணில் இன்னொரு கிறிஸ்தவக் கூட்டமும் இருந்தது. அதற்குச் சட்டம் பாதுகாப்புத் தரவில்லை. அந்தச் சட்டமே அதன் பகை. அதன் குருக்களுக்கு இடம் கொடுத்தால் தண்டனை, அதன் பிள்ளைகளுக்குப் பதவி இல்லை. அந்தக் கத்தோலிக்கர்கள் மறையவில்லை. ஊர் ஊராக, மூப்பரோடும் செபமாலையோடும், வருடம் ஒருமுறை வந்துபோகும் சுவாமிமாரோடும் இருந்தார்கள். ஒரே நாட்டில், ஒரே மொழி பேசும் மக்களிடையே, ஒரே காலத்தில், அரசு வளர்த்த சபை உதிர்ந்தது. அரசு ஒடுக்கிய சபை நிலைத்தது. வரலாறு இப்படி இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுவது அரிது. பலர் ஒத்துக்கொள்ளாத ஒரு நம்பிக்கையைச் சிலர் எப்படிக் காத்துக்கொள்கிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழர் வரலாற்றில் வேறு இல்லை என்பது என் முடிவு.

சான்றைச் சீர்தூக்கும் முன் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். கத்தோலிக்கமும் யாழ்ப்பாணத்தில் ஒருகாலத்தில் ஆள்வோர் மதமாகவே இருந்தது. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினார்கள். இரண்டாண்டுகளில், 1621இல், பிலிப் தெ ஒலிவேறா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கினான். அந்த ஆட்சியில் ஞானஸ்நானம் பெற்றவர்களில் எத்தனையோ பேர் அச்சத்தாலும் ஆதாயத்தாலும் பெற்றார்கள். ஆனால் அந்த மதத்தின் வேர் முழுவதும் அதிகாரத்தில் ஊன்றியிருக்கவில்லை. போர்த்துக்கேயர் மன்னார்த் தீவைப் பிடித்தது 1560இல். அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, 1544இல், மன்னார்க் கரையில் இருந்த கடலோடிக் குடிகள் சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்றிருந்தன. யாழ்ப்பாண மன்னன் சங்கிலி படையோடு வந்து, மனம் மாற மறுத்தவர்களைக் கொன்றான். உயிர் இழந்தவர்கள் அறுநூறு பேருக்கு மேல் என்பது மரபு. மன்னனுக்கு அந்த மதமாற்றம் அந்நிய நாட்டின் பக்கம் சாய்வதாகத் தெரிந்திருக்கலாம்; அதில் அவன் பக்க நியாயமும் உண்டு. எனினும் அந்தக் கரையில் கிறிஸ்தவம் தன் முதல் பாடத்தை அரசனின் தயவில் படிக்கவில்லை, சாவில் படித்தது. அந்த நினைவு மன்னாரில் அழியவில்லை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள அந்த நினைவு தேவை.

1658இல் மன்னாரும், பின் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த முற்றுகைக்குப் பிறகு யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்கக் குருக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களை ஒளித்து வைப்பது மரண தண்டனைக்குரிய குற்றமானது. கோயில்கள் சீர்திருத்தச் சபையின் கையில் போயின, சுரூபங்கள் அகற்றப்பட்டன, ஒவ்வொரு கோயிற்பற்றிலும் கோயிலை ஒட்டி ஒரு பள்ளி வைக்கப்பட்டது. பள்ளியின் உபாத்தியாரே ஊரின் பதிவாளர். யார் பிறந்தார், யார் ஞானஸ்நானம் பெற்றார், யார் யாரை மணந்தார் என்பதை அவர் தோம்பு என்னும் பதிவேட்டில் எழுதினார். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோருக்கு அபராதம். ஞானஸ்நானம் பெறாதவர் முதலியார் பதவிக்கு வர முடியாது. அரசாங்க உத்தியோகம் எதுவும் கிடைக்காது. சபையின் பதிவில் ஏறாத திருமணத்துக்குச் சட்ட மதிப்பு இல்லை. ஆகவே பிள்ளையின் சொத்துரிமையும் தோம்பையே நம்பியிருந்தது. பிறப்பு, மணம், காணி, பதவி எல்லாவற்றின் வாசலிலும் ஒரே பதிவேடு. விளைவு, எதிர்பார்த்தபடியே, எண்ணிக்கை. 1658 முதல் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த பிலிப்பு பால்தேயுஸ் பாதிரியாரின் காலத்திலேயே பதிவான கிறிஸ்தவர்கள் அறுபதாயிரத்தைத் தாண்டினார்கள். பிந்திய கணக்குகள் அதையும் இருமடங்காக்கின. ஆனால் அதே ஒல்லாந்தரின் பதிவுகள் இன்னொன்றையும் சொல்கின்றன. ஞானஸ்நானம் பெற்றோர் பல்லாயிரம். திருவிருந்தில் பங்குகொண்டோர் மிகச் சிலர். ஞானஸ்நானம் காணியையும் பதவியையும் தந்தது. திருவிருந்து அப்படி எதையும் தரவில்லை. அதற்கு விசுவாசம் வேண்டியிருந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே கிடந்த பள்ளத்தில்தான் அந்தச் சபையின் வருங்காலம் எழுதப்பட்டிருந்தது.

மறுபக்கம், 1658 முதல் 1687 வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்குத் தங்கியிருந்து ஊழியம் செய்யக் குரு இல்லை. கத்தோலிக்க ஒழுங்கில் இது சிறிய குறை அன்று. பூசையும் பாவசங்கீர்த்தனமும் குருவின்றி நடவா. ஒரு தலைமுறை முழுவதும் நற்கருணையே காணாமல் வளர்ந்தது. இருந்தும் குழந்தைகளுக்கு வீட்டார் தாமே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவசரத்தில் விசுவாசி எவரும் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் பழைய விதி. தாய்மார் மந்திரங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். செபமாலை இரவில் வீட்டுக்குள் சொல்லப்பட்டது. சுரூபங்கள் மறைவான இடங்களுக்குப் போயின. 1670 வாக்கில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் தங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு, ஒல்லாந்தரின் கை எளிதில் எட்டாத வன்னிக் காட்டுக்குள் போய்க் குடியேறின என்றும், அந்த மருதமடுவே இன்றைய மடுத் திருத்தலம் என்றும் மரபு சொல்கிறது. நாடெங்கிலும் இருந்து மக்கள் திரளும் தலம் ஒன்று, அடைக்கலம் தேடி ஓடியவர்களின் குடியிருப்பாகத் தொடங்கியது என்பது மறக்கத் தகாதது. இந்த முப்பது ஆண்டுகளே என் வாதத்தின் நடுத்தூண். நல்ல குருக்கள் வந்து காப்பாற்றியதால் அந்தச் சபை பிழைத்தது என்பது பாதி உண்மை. குரு வந்தபோது தேடிக் கண்டுபிடிக்க அங்கே ஒரு சபை இருந்தது. அதை அதுவரை வைத்திருந்தவர்கள் பெயர் தெரியாத குடும்பத்தார்.

அப்படித் தேடி வந்தவர் யோசப் வாஸ் அடிகளார். 1651இல் கோவாவில் பிறந்த கொங்கணிப் பிராமணக் குலத்தவர். இலங்கைக் கத்தோலிக்கர் மேய்ப்பனின்றிக் கிடப்பதைக் கேள்விப்பட்டு, தூத்துக்குடி வழியாக, யோவான் என்னும் பணியாளுடன் கூலியாள் வேடத்தில் கடலைக் கடந்து, 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். வந்த வேகத்தில் வயிற்றுக்கடுப்பு கண்டு சாகக் கிடந்தார். உடல் தேறியதும் பிச்சைக்காரராக வீடு வீடாகப் போனார். கழுத்தில் செபமாலை மட்டும் தெரியும்படி கிடந்தது. அதைக் கண்டு எந்த வீட்டார் முகம் மாறுகிறது என்பதை வைத்தே விசுவாசிகளை அடையாளம் கண்டார். பின்னர் சில்லாலைக் கத்தோலிக்கர் அவரைத் தங்கள் ஊருக்கு அழைத்துப் போய் வைத்துக்கொண்டார்கள். பகலில் மறைந்திருந்து இரவில் பூசை வைத்து, ஊர்விட்டு ஊர் போனார். அவர் வருகை ஒல்லாந்தருக்கு எட்டியது; சோதனைகள் நடந்தன. ஒரு நத்தார் இரவில் பூசைக்குக் கூடியவர்களைப் படைவீரர் வளைத்துப் பிடித்தார்கள். ஆனால் குரு அகப்படவில்லை. பிடிபட்டவர்களில் சிலர் கசையடிபட்டுக் கோட்டைச் சிறையில் மடிந்தார்கள். அவரைக் காட்டிக் கொடுத்திருந்தால் அத்தனை துன்பமும் நீங்கியிருக்கும். ஒரு மாதம், இரண்டு மாதம் அன்று. ஆண்டுக்கணக்கில் ஓர் ஊரே ஒரு மனிதரை மறைத்து வைத்தது. பெயரை மட்டும் தோம்பில் எழுதிக்கொண்டவர்களிடம் இத்தகைய உறுதி பிறக்காது.

வாஸ் அடிகளார் பிறகு கண்டி அரசுக்குள் போனார். போர்த்துக்கேயரின் ஒற்றர் என்ற ஐயத்தில் 1692இல் அங்கே சிறைப்பட்டார். ஆனால் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரை அறிந்தபின் ஐயம் நீங்கி, ஊழியம் செய்ய இடம் கொடுத்தான். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி ஊரார் நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, இன்ன மதம் என்று பாராமல் அவர்களைத் தூக்கிச் சுமந்து பணிவிடை செய்தார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். கிறிஸ்தவ ஆட்சி விரட்டிய கிறிஸ்தவர்களுக்குப் பௌத்த மன்னன் அடைக்கலம் கொடுத்தான் என்பது இந்த வரலாற்றின் மிகப் பெரிய பாடங்களில் ஒன்று. வேற்று மதத்தவரின் கருணையில் வாழ நேர்ந்தவர்கள், அதே நேரத்தில் தங்கள் நம்பிக்கையில் ஓர் எழுத்தும் குறைக்கவில்லை. உறுதி வேறு, பகை வேறு. அயலாரோடு ஒன்றி வாழ்வதும் கொள்கையில் நிற்பதும் ஒன்றையொன்று அழிக்கும் என்று நினைப்பவர்கள் கண்டியைப் பார்க்க வேண்டும். அடிகளாரும் கோவாவிலிருந்து அவரைப் பின்தொடர்ந்தவர்களும் செய்த நிலையான வேலை, சபையைக் குருவின் கையில் அன்றிக் குடிகளின் கையில் ஒப்படைத்தது. ஊருக்கு ஒரு மூப்பர், செபங்களைச் சொல்லிக்கொடுக்க ஓர் அண்ணாவியார். பிள்ளைகளுக்கு ஞானபோதகம், சாகக் கிடப்பவருக்கு ஆறுதல், ஞாயிற்றுக்கிழமைச் செபம் எல்லாம் இவர்கள் பொறுப்பு. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் 1742இல் இறக்கும்வரை சிங்களத்திலும் தமிழிலும் நூல் எழுதிக் குவித்தார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ இன்றும் தவக்காலத்தில் ஈழத்துக் கோயில்களில் ராகம் இழுத்துப் படிக்கப்படுகிறது. குரு இல்லாத ஊரிலும் ஒருவர் படிக்க மற்றவர் கேட்டு அழலாம் என்பதே அந்த நூலின் பயன்.

இங்கே எழும் முதல் மறுப்பு கடுமையானது. இந்தக் கத்தோலிக்கர்களும் ஒல்லாந்தரின் கோயிலில் போய்த் திருமணத்தைப் பதிந்தார்களே, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்களே, அது இரட்டை வேடம் இல்லையா? பலர் அப்படிச் செய்தது உண்மை. பதிவில்லாத பிள்ளைக்குக் காணி இல்லை என்ற நிலையில், முதலில் உபாத்தியாரிடம் போய்ப் பெயர் எழுதிவிட்டு, குரு வரும்போது அவர் முன் மணத்தை முறைப்படி உறுதி செய்துகொண்டார்கள். எல்லாரும் மாவீரராக இருக்க வேண்டும் என்று இருட்டறையில் வாழ்ந்தவர்களிடம் வெளிச்சத்தில் இருக்கும் நாம் கேட்பது நியாயம் ஆகாது. ஆனால் அனுதாபம் மட்டும் பதில் ஆகாது. பார்க்க வேண்டியது அவர்கள் கோடு கிழித்த இடம். பெயர் எழுதுவது அரசுக்குக் கொடுக்கும் வரியைப் போல என்று நினைத்தார்கள். குருவைக் காட்டிக் கொடுப்பதும் நற்கருணையை விடுவதும் கடவுளுக்குரியதை அரசுக்குக் கொடுப்பது என்று கண்டார்கள். முன்னதில் வளைந்தார்கள், பின்னதில் சிறைக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்துச் சைவருக்கும் இது தெரிந்த வாழ்க்கைதான். விரத நாளில் உண்ட வாழையிலையை வெளியே எறிந்தால் காட்டிக் கொடுத்துவிடும் என்று கூரையில் செருகி மறைத்த கதையை இன்றும் அங்கே சொல்வார்கள். அந்தச் சைவரின் பெயரும் அதே தோம்பில்தான் கிறிஸ்தவராக ஏறியிருந்தது. ஆகவே தோம்பு பொய் சொன்னது என்றால், அந்தப் பொய்யைப் பிறப்பித்தது எழுதியவனின் சட்டம். எழுதிக்கொண்டவனின் மனம் இல்லை.

இரண்டாவது மறுப்பு சமூக ஆய்வாளர்களுடையது. இதில் கொள்கை எங்கே இருக்கிறது, சாதியும் சடங்கும்தானே இருக்கின்றன என்பார்கள். கத்தோலிக்கம் கரையோரச் சாதிகள் சிலவற்றின் அடையாளமாகிவிட்டது. சுரூபம், தேர், திருவிழா, நேர்த்திக்கடன் எல்லாம் அயலாரின் கோயில் வழக்கத்தோடு ஒத்திருந்ததால் ஒட்டிக்கொண்டது. வெள்ளைச் சுவருக்குள் அந்நியப் போதகர் மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சொன்ன பிரசங்கம் ஒட்டவில்லை. அவ்வளவே என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை நிறைய இருக்கிறது. சாதி வேற்றுமை கோயிலுக்குள்ளும் நுழைந்து கெடுத்தது. அந்தப் பழியிலிருந்து கத்தோலிக்கச் சபையை யாரும் விடுவிக்க முடியாது. ஆனால் சாதி மட்டும் காரணம் என்றால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சாதியின் நலன் எப்போதும் ஆள்வோர் பக்கம் சாய்வதிலேயே இருந்தது. அதிகாரியின் மதத்தை ஏற்றுக்கொண்டால் பதவி, மறுத்தால் அபராதம் என்னும்போது, நலனைப் பார்க்கிற கூட்டம் ஏன் அபராதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? சடங்கைப் பற்றிச் சொல்வதானால், அதை நான் மறுப்பாகவே கொள்ளவில்லை. கைக்கு ஒரு மாலை, வாய்க்கு ஒரு பாட்டு, வருடத்துக்கு ஒரு திருநாள், துக்கத்துக்கு ஒரு பிரசங்கம் இல்லாமல் எந்த நம்பிக்கையும் மூன்று தலைமுறை தாண்டாது. மனத்தில் மட்டும் இருக்கும் கொள்கை மனிதனோடு மண்ணுக்குப் போகும். பழக்கமாகிவிட்ட கொள்கையைப் பிள்ளை கேட்காமலே பெற்றுக்கொள்கிறது.

மூன்றாவது மறுப்பு ஒல்லாந்தர் சார்பானது. அதைக் கேட்பது நேர்மை. அவர்கள் பதிவேடு மட்டும் எழுதவில்லை. 1690இல் நல்லூரில் குருமடம் அமைத்தார்கள். 1737இல் கொழும்பில் அச்சகம் வைத்து வேதநூலைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டார்கள். பிலிப்பு தெ மெல்லோ போன்ற தமிழ்ப் புலமை மிக்க உள்ளூர்ப் போதகர் அவர்களிடையே தோன்றினார். அவர் வேத மொழிபெயர்ப்புக்கே வாழ்வைக் கொடுத்து 1790இல் இறந்தார். அந்தத் திருவிருந்தில் உட்கார்ந்த சிலர் உண்மையாகவே உட்கார்ந்தார்கள். கத்தோலிக்கரை அவர்கள் ஒடுக்கியதற்கும் அரசியல் காரணம் இருந்தது. கோவாவில் இன்னும் போர்த்துக்கேயர் ஆண்டார்கள், குருக்கள் அங்கிருந்தே வந்தார்கள். எல்லாம் சரி. ஆனால் இவ்வளவு நல்ல முயற்சியும் ஏன் வீணாயிற்று? அரசின் கட்டாயம் அதன் மேல் ஏறி நின்றதால். உண்மையாக நம்பிய சிலரைப் பதவிக்காக எழுதிக்கொண்ட பல்லாயிரவருக்குள் அது கரைத்துவிட்டது. யார் விசுவாசி, யார் விண்ணப்பதாரர் என்று அந்தச் சபைக்கே தெரியாமல் போனது. கூட்டம் பெருகப் பெருக உண்மை மெலிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தர் கத்தோலிக்கர் மீதான பிடியைத் தளர்த்தியதும், தங்கள் முறை தோற்றுவிட்டதை அவர்களே உணர்ந்திருந்தார்கள் என்பதையே காட்டுகிறது.

1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினார்கள். பதவிக்கும் ஞானஸ்நானத்துக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. முடிச்சு அவிழ்ந்ததும் சபை சரிந்தது. 1806இல் கத்தோலிக்கர் மீதிருந்த சட்டத் தடைகளை ஆளுநர் மெயிட்லண்ட் நீக்கினார். அதே ஆண்டில்தான் புக்கானன் அந்தப் பாழடைந்த கோயில்களைக் கண்டார். பத்தாண்டுகள் கழித்து, 1816இல், அமெரிக்க மிஷனரிகள் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கூரையின்றிக் கிடந்த பழைய கோயில்களைப் பெற்று, புரட்டஸ்தாந்து ஊழியத்தை ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இந்த முறை சட்டத்தின் கட்டாயம் இல்லை. பாடசாலையும் மருத்துவமும் தமிழ்க் கல்வியும் இருந்தன. அதனால்தான் அது சிறிதாயினும் நிலைத்தது. 2012ஆம் ஆண்டு இலங்கைக் குடிமதிப்பில் கத்தோலிக்கர் நூற்றுக்கு ஏறக்குறைய 6.2 பேர், மற்றக் கிறிஸ்தவர் எல்லாரும் சேர்ந்து 1.4 பேர். எண்ணிக்கையை வைத்து எது மெய்ம்மார்க்கம் என்று தீர்ப்பளிக்க முடியாது. அந்த வேலைக்கு நான் துணியவும் இல்லை. ஆனால் ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகள் ஒரு பக்கம் கொடுத்தும் மறுபக்கம் பறித்தும் அரசு நடத்திய சோதனையின் முடிவை இந்த எண்கள் இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன.

இந்த வரலாறு இரண்டு பேரிடம் பேசுகிறது. சிறுபான்மையாக நின்று தன் நம்பிக்கையைக் காக்க விரும்புகிறவரிடம் ஒன்று சொல்கிறது: உரத்த குரலும் செல்வாக்குள்ள நண்பர்களும் காப்பாற்றமாட்டார்கள், வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த செபமும், ஊருக்குள் ஒருவர் ஏற்றுக்கொண்ட பொறுப்பும், அயலாருக்குச் செய்த பணிவிடையும், எந்த இடத்தில் வளையமாட்டோம் என்பதை முன்கூட்டியே அறிந்த தெளிவும் காப்பாற்றும். பெரும்பான்மையாக இருந்து எல்லாரையும் தன் வழிக்குக் கொண்டுவர அதிகாரத்தைக் கையில் எடுக்க நினைப்பவரிடம், அவர் எந்த மதத்தவராயினும், வேறொன்று சொல்கிறது: பெயர்களை எழுதிக்கொள்ளலாம், மனங்களை எழுதிக்கொள்ள முடியாது, உன் பதிவேட்டில் கூட்டம் பெருகும்போது உன் சபை குறைந்துகொண்டிருக்கும். வாஸ் அடிகளாரை 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். சில்லாலையில் அவரை மறைத்து வைத்த குடும்பத்தாரின் பெயர்கள் எந்தப் புனிதர் பட்டியலிலும் இல்லை. அவர்கள் காத்த விசுவாசம் மட்டும் அந்த ஊரில் இன்றும் இருக்கிறது.